கொடி ஏறாத காலனி

லண்டன் நீதிமன்றத்தில் ஒரு பெண் பிராது கொடுத்தார். பெயர் ஜென்னி மைகெல். ஆல்பர்ட் பேக்கர் என்ற கனவான் தன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட்டார், நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. விசாரித்துப் பார்த்தால் அவர் ஆல்பர்ட்டும் இல்லை, பேக்கரும் இல்லை. மலாய் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் ஜொகூரின் சுல்தான் அபு பக்கார். சீமையில் சௌகரியமாக நடமாட ஒரு வெள்ளைக்காரப் பெயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

நீதிபதிகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். இவர் ஒரு சுதந்திர நாட்டின் அரசரா, இல்லை நம் ராணிக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசரா? காலனி விவகார அலுவலகத்தைக் கேட்டார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது: ஜொகூர் சுதந்திர நாடு, அபு பக்கார் இறையாண்மை உள்ள மன்னர். அதோடு வழக்கு தீர்ந்தது. அந்நிய அரசரை அவர் சம்மதம் இல்லாமல் நம் கோர்ட்டில் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1894-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பிடித்த இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். மைகெல் அம்மாளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தை எழுதியவர்களிடம் 1885 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் ஒன்றும் இருந்தது. ஜொகூரின் வெளியுறவை அது பிரிட்டனிடம் ஒப்படைத்திருந்தது. இங்கிலாந்தின் அனுமதி இல்லாமல் வேறு எந்த நாட்டோடும் சுல்தான் பேசக்கூடாது. பேச்சுக்கே அனுமதி வாங்க வேண்டிய அரசர், கோர்ட்டுக்கு மட்டும் சுதந்திர அரசர்.

ஜொகூரின் கதையைத் தோண்டினால் இப்படித்தான், திரும்பிய பக்கமெல்லாம் ஒரு கடிதம் வந்து நிற்கிறது. பீரங்கி வெடித்து, கோட்டை விழுந்து, கொடி மாறிய கதையாக இருந்தால் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். இங்கே எல்லாமே காகிதத்தில் நடந்தது. அதனால்தானோ என்னவோ, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் என்றவுடன் இந்தியாவும் பர்மாவும் பினாங்கும் நினைவுக்கு வருகிற நமக்கு, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேர்வை சிந்திய ஜொகூர் நினைவுக்கு வருவதில்லை.

ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் உங்கு புவான் பக்கம் பூக்கடைகளும் சேலைக்கடைகளும் நிறைந்திருக்கும். 1911-இல் எழுந்த கோயில். நிலம் தந்த சுல்தானை நினைத்துத்தான் மாரியம்மனுக்கு முன்னால் 'ராஜ' சேர்ந்தது என்று ஊரார் சொல்வார்கள். கோயிலுக்கு எதிர்ச்சாரியில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எண்பத்தெட்டு வயது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே ஓய்வு பெற்றவர்.

"வெள்ளைக்காரன் ஆட்சியில நீங்க சின்னப் பையனா இருந்திருப்பீங்களே, ஐயா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க ஏது தம்பி வெள்ளைக்காரன் ஆட்சி? இது சுல்தான் நாடுல்ல. தொரை மட்டுந்தான் வெள்ளைக்காரன்." ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "சம்பளம் தொரை. லயம் தொரை. ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தொரை. ஆபீஸ் செவத்துல மாட்டியிருந்த படம் மட்டும் சுல்தான்."

நான் பல நாள் நூலகத்தில் உட்கார்ந்து புரிந்துகொள்ளப் பார்த்ததை அந்த மனிதர் ஒரு கிளாஸ் தேநீருக்குள் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு

1511-இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபின், அங்கிருந்து தப்பிய அரச வம்சம் ஜொகூர் ஆற்றங்கரையில் கட்டிக்கொண்டதுதான் ஜொகூர் ராஜ்யம். இன்றைய மாநிலத்தின் எல்லைக்குள் அதை அடைத்துப் பார்க்கக்கூடாது. தென் மலாயா, சிங்கப்பூர், ரியாவ், லிங்கா என்று கடலை நடுவில் வைத்துச் சுற்றிலும் பரவியிருந்த ராஜ்யம் அது. வயலையும் வரப்பையும் வைத்து நாட்டை அளக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அவர்களுக்குக் கடல்தான் நடுவீடு, நிலமெல்லாம் திண்ணை.

1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். லிங்காவில் டச்சுக்காரர் நிழலில் இருந்த தம்பி சுல்தான், கம்பெனிக்கு இடம் தரமாட்டார். அண்ணன் ஹுசைன் பட்டம் கிடைக்காமல் ஒதுங்கியிருந்தார். ராஃபிள்ஸ் அவரைக் கூட்டிவந்து, 'நீரே ஜொகூர் சுல்தான்' என்று அறிவித்து, பிப்ரவரி 6-ஆம் தேதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். சுல்தானுக்கு வருஷம் 5,000 ஸ்பானிய டாலர், உள்ளூரை ஆண்டுவந்த தெமங்கோங்குக்கு 3,000. ஐந்தே ஆண்டில் இரண்டு ஒப்பந்தங்கள். 1824 மார்ச்சில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் கூடி, நீரிணையின் வடக்கே உனக்கு, தெற்கே எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஜொகூர்க்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை. இன்றைய மலேசியா, இந்தோனேசியா எல்லைக்கு வித்து அதுதான். அதே ஆகஸ்டில் சிங்கப்பூரைக் கிரயமாகவே எழுதி வாங்கிவிட்டார்கள். ஹுசைனுக்கு 33,200 டாலர் ரொக்கம், மாதம் 1,300 டாலர் படி.

அந்தச் சிங்கப்பூரை யார் ஆண்டார்கள் என்பது நம் ஆட்களே மறந்துபோன விஷயம். 1867 வரை அது இந்திய நிர்வாகத்தின் ஒரு மூலை. உத்தரவுகள் கல்கத்தாவிலிருந்து போயின. இந்தியக் கைதிகளை 1825 முதல் 1873 வரை அங்கே நாடு கடத்தினார்கள். சதுப்பு நிலத்தை நிரப்பியதும், சாலை போட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குச் செங்கல் அடுக்கியதும் அந்தக் கைகள்தான். ஜொகூரின் மீது விழுந்த முதல் பிரிட்டிஷ் நிழல் இந்தியா வழியாக விழுந்த நிழல்.

அண்ணன் வம்சம் இளைத்தது, தெமங்கோங் வம்சம் தழைத்தது. 1855-இல் ஹுசைனின் மகன் அலி, சுல்தான் என்ற பட்டத்தைத் தான் வைத்துக்கொண்டு, கெசாங் தவிர ஜொகூர் முழுவதையும் தெமங்கோங் இப்ராஹிமுக்குக் கொடுத்தார். அதற்கு 5,000 டாலர், மாதம் 500. பட்டம் ஒருவரிடம், நாடு இன்னொருவரிடம். அபு பக்கார் இந்த இப்ராஹிமின் மகன்.

பிடிபடாமல் இருந்தவர்

அபு பக்கார் கெட்டிக்காரர். பக்கத்து மாநிலங்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேராக்கிலும் சிலாங்கூரிலும் குழப்பம் வந்தது, ஒழுங்குபடுத்துகிறோம் என்று ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்தார், ரெசிடெண்டோடு ஆட்சியும் போனது. அப்படியானால் குழப்பத்துக்கே இடம் கொடுக்கக்கூடாது. வெள்ளைக்காரர் வந்து செய்வதற்கு முன்னால் நாமே செய்துவிட வேண்டும். தஞ்சோங் புத்திரி என்ற மீன்பிடிக் கரையை 1866-இல் ஜொகூர் பாரு ஆக்கினார். அரண்மனை கட்டினார். ராணியைப் பார்க்க லண்டன் போனார். 1886-இல் தனக்கென்று ஒரு படை திரட்டினார். அந்தப் படை இன்னும் இருக்கிறது. மலேசியாவில் தனிப்படை வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஜொகூர்.

காசு எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து. ஆற்றுக்கு ஒரு சீனத் தலைவர் என்று பிரித்து, மிளகும் கம்பீரும் பயிரிட உரிமை கொடுத்தார்கள். கம்பீர் நம்மூர் காசுக்கட்டியின் பங்காளி. வெற்றிலைக்கும் போகும், தோல் பதனிடவும் போகும். உரிமைப் பத்திரத்துக்குப் பெயர் 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம். தலைவருக்குப் பெயர் கங்சு. இன்றும் ஜொகூர் வரைபடத்தில் கங்கார் என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் அந்தக் கங்சுக்களின் படித்துறைகள். இங்கும் ஒரு கடிதம்தான் என்றாலும், இதை எழுதிய கை ஜொகூருடையது.

அவர் செய்ததில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, 1895 ஏப்ரல் 14-இல் கொண்டுவந்த அரசியல் சட்டம். மலாய் மாநிலங்களில் எழுதப்பட்ட முதல் அரசியல் சட்டம் அது. நாட்டின் எந்தப் பகுதியையும் எந்த ஐரோப்பிய அரசுக்கும் ஆள்பவர் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி. எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 4-ஆம் தேதி லண்டனிலேயே காலமானார்.

மகன் இப்ராஹிம் இளைஞர். அறுபத்து நாலு வருஷம் ஆளப்போகிறவர். அவரை வழிக்குக் கொண்டுவர லண்டன் அவசரப்படவில்லை. 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் வந்தது. 1910-இல் ஓர் ஆலோசகர் வந்தார், டக்ளஸ் கேம்பல். 1914 மே மாதம் நிர்வாகத்தில் குறை சொல்லி, கவர்னர் ஆர்தர் யங் புதிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார். இனி இருப்பவர் 'பொது ஆலோசகர்'. மதமும் மலாய் வழக்கமும் நீங்கலாக எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும்.

கேட்டபடி நடந்தே தீர வேண்டிய ஆலோசனைக்குத் தமிழில் உத்தரவு என்று பெயர். ஆனாலும் சொல்லில் ஒரு மரியாதை இருந்தது. ரெசிடெண்ட் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொடி அரண்மனையில் ஏறவில்லை. மலாய் மாநிலக் கூட்டமைப்பில் சேராத மாநிலம் என்ற பெயரும் மிஞ்சியது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து, சிலர் நீரிணையைத் தாண்டி ஜொகூர்க் காட்டுக்குள் ஓடிவந்தபோது, அவர்களைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது சுல்தானின் சொந்தப் படை. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்குச் சுல்தான் 5 லட்சம் பவுன் காணிக்கை கொடுத்தார். சிங்கப்பூரின் பாதுகாப்புக்குப் போன பணம் அது. சாங்கியில் வைத்த 15 அங்குலப் பீரங்கிகளுக்கு அதனால்தான் 'ஜொகூர் பேட்டரி' என்று பெயர். காலனி ஆகாத நாடு, காலனிக்குப் பீரங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நாகப்பட்டினத்துக் கப்பல்

ரப்பர் வந்ததும் எல்லாம் மாறியது. கங்சு முறையை 1917-இல் ஒழித்தார்கள். மிளகுக் காடும் கம்பீர்க் காடும் பால்மரக் காடாயின. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், லாபிஸ், சிகாமட் என்று ரயில் பாதையை ஒட்டி நிரை நிரையாக மரம். வெட்ட ஆள்? திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களுக்குக் கங்காணி போனார். கையில் லைசென்ஸ், கழுத்தில் பட்டுத் துண்டு, வாயில் கதை. ஆவடி டிப்போ, நாகப்பட்டினம் டிப்போ, கப்பல், தனிமை முகாம், லாரி, லயம். 1931 கணக்கெடுப்பில் ஜொகூரின் ஜனத்தொகை 5 லட்சத்தைச் சுற்றி இருந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்தியர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

காலை நாலரைக்குத் தப்பு அடிக்கும். இருட்டில் பெரட்டுக் களத்தில் வரிசை. கிராணி, அதாவது கணக்கர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் குறிப்பார். பேர் விழவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போய், நேற்றைய கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து, மரப்பட்டையை நூல் பருமனுக்குச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழாமல் வைக்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் ஏச்சு. வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்துக்கு மேல் முடித்து, திரும்பி வந்து மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்ற தோள்கம்பில் கட்டிச் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் பேரும் இல்லை. ஒவ்வோர் ஆள் வேலைக்கு வந்ததற்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தேநீர்க்கடைப் பெரியவர் இதை விவரித்தபோது அவருடைய வலது கை மேசை விளிம்பை மேலிருந்து கீழாகச் சாய்வாகச் சீவிக்கொண்டே இருந்தது. அவருக்கே தெரியாமல்.

நாகப்பட்டினம் என்று எழுதியவுடன் பேனா நிற்கிறது. நம்மில் பலருக்கு நாகப்பட்டினமும் மலாய்க் கடலும் சேர்ந்தால் ராஜேந்திர சோழன்தான் நினைவுக்கு வருவான். 1025-ஐ ஒட்டி அவன் படை கடல் கடந்து போய் அடித்த ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று நீளும். மேடையில் இதைச் சொன்னால் இன்றும் கைதட்டல் விழும். ஆனால் அடி வாங்கியவர்கள் அதை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூலில் அதன் சாயல் ஒன்று கிடைக்கிறது. 1612-ஐ ஒட்டி அதைத் தொகுத்தவர் ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதன்மந்திரி, துன் ஸ்ரீ லானாங். கலிங்க தேசத்து ராஜா சூரன் என்ற பேரரசன் உலகத்தை வெல்லப் புறப்பட்டு வருகிறான். ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கங்காயு என்ற நாடு, கருங்கல் கோட்டை, அரசன் சூலின். சூரன் கோட்டையை உடைக்கிறான், சூலினைக் கொல்கிறான், அவன் மகளைக் கட்டிக்கொள்கிறான். அடுத்தது சீனாதான் என்று தெமாசெக் வரை, அதாவது சிங்கப்பூர் வரை வருகிறான். சீனத்தில் கலக்கம். ஒரு மந்திரி யோசனை சொல்கிறார். ஒரு மரக்கலம் நிறையத் துருப்பிடித்த ஊசிகளை ஏற்றுகிறார்கள். காய்த்துத் தொங்கும் பழமரங்களை நட்டு, பல் விழுந்த கிழவர்களை ஏற்றி அனுப்புகிறார்கள். சீனா எவ்வளவு தூரம் என்று சூரனின் ஆட்கள் கேட்க, கிழவர்கள் சொல்கிறார்கள்: புறப்படும்போது நாங்கள் பன்னிரண்டு வயதுப் பையன்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள். சூரன் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான்.

சூரனில் சோழனின் நிழல் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் பார்க்கிறார்கள். எனக்கு அந்த அடையாளப் பொருத்தத்தைவிட, கதையைச் சொன்ன விதம்தான் பிடித்திருக்கிறது. படையெடுத்து வந்தவனை வீரத்தால் வெல்ல முடியாதபோது கிழவர்களின் பொய்யால் திருப்பி அனுப்புகிறார்கள். அதோடு விடவில்லை, அவனையே தங்கள் அரச வம்சத்தின் மூதாதையர் வரிசையில் சேர்த்துக்கொள்கிறார்கள். பேரரசை எதிர்கொள்ளும் ஜொகூர்ச் சாமர்த்தியம் அபு பக்காருக்கு முன்பே இருந்திருக்கிறது. சோழக் கப்பல்களின் துறையிலிருந்து தொள்ளாயிரம் வருஷம் கழித்துப் புறப்பட்ட தமிழனின் கையில் இருந்தது வேல் அல்ல, தகரப் பெட்டி.

பெயர் இல்லாதவர்கள்

ஜப்பான்காரர் 1942-இல்தான் ஜொகூருக்கு வந்தார்கள் என்று நினைக்கிறோம். அதற்கு வெகுமுன்பே ஜொகூர் ஆற்றோரம் அவர்களுக்கு ரப்பர் தோட்டங்கள் இருந்தன. பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் ஒரு ஜப்பானியக் கம்பெனி 1920-களிலிருந்து இரும்புத்தாது வெட்டி ஜப்பானுக்கு ஏற்றியது. ஊரை அளந்து வைத்த பிறகுதான் படை வந்தது. ஜனவரியில் மூவாரில் சண்டை. பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச்செல்லப்பட்ட காயம்பட்ட வீரர்கள் ஏறத்தாழ 150 பேரை ஜப்பானியர் கொன்றார்கள். ஆஸ்திரேலிய வீரர்களோடு இந்திய வீரர்களும் அதில் இருந்தார்கள். ஆஸ்திரேலியர்கள் அதை மறக்கவில்லை, விசாரித்தார்கள், ஜப்பானியத் தளபதி நிஷிமுராவை 1951-இல் தூக்கிலிட்டார்கள். அந்த இந்தியர்களுக்காக நம் ஊரில் யார் மெழுகுவத்தி ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜனவரி 31-இல் பின்வாங்கும் படை, 1924-இல் கோலாகலமாகத் திறந்து வைத்த சிங்கப்பூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனது.

அதன்பிறகுதான் சயாம். அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து ஜப்பானியர் அள்ளிக்கொண்டுபோன கூலிகள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். திரும்பாதவர்கள் பல்லாயிரம். காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெயரோடு, புல் வெட்டிப் பராமரிக்கப்பட்டு இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப் பலகை கிடையாது. செக்ரோலில் தினம் விழுந்த பேர், செத்தபோது எங்கும் விழவில்லை. பெரியவரின் அப்பாவும் சயாமுக்குப் போனவர். "வருவார்னு அம்மா ரொம்ப வருஷம் பொட்டு வெச்சிட்டே இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியபோது கையில் இன்னொரு காகிதம் இருந்தது. மலாயன் யூனியன். ஹரால்டு மெக்மைக்கேல் என்ற தூதர் ஒவ்வொரு சுல்தானாகப் போய் இறையாண்மையை எழுதி வாங்கினார். முதல் கையெழுத்து 1945 அக்டோபர் 20-இல், ஜொகூரின் சுல்தான் இப்ராஹிமுடையது. எந்த ஐரோப்பிய அரசுக்கும் விட்டுக்கொடுக்காதே என்று அப்பா எழுதி வைத்த அதே ஜொகூர். மலாய் மக்கள் கொதித்துப்போனார்கள். அம்னோ கட்சி 1946 மே 11-இல் பிறந்தது ஜொகூர் பாரு அரண்மனையில்தான், டத்தோ ஓன் ஜாஃபர் தலைமையில். இரண்டே ஆண்டில் யூனியன் செத்தது.

நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு பக்கம் இதில் உண்டு. அந்த யூனியன் திட்டத்தில் மலாயாவில் பிறந்த எல்லோருக்கும் குடியுரிமை எளிதாக இருந்தது. அதற்குப் பதிலாக 1948-இல் வந்த கூட்டரசில் வாசல் குறுகியது. மலாய்க்காரரின் கோபத்தில் நியாயம் இருந்தது. யாரையும் கேட்காமல் நாட்டை எழுதி வாங்கினால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் பிறந்த தேதிக்குச் சீட்டு இல்லாத லயத்துப் பிள்ளைகளுக்குக் குறுகிய வாசல் பல தலைமுறைக்கு வினையாகிப் போனது.

வெள்ளைப் பாறை

ஜொகூர்க் கரையிலிருந்து ஏழெட்டுக் கடல்மைல் தள்ளி ஒரு பாறை. நீளம் 137 மீட்டர், அகலம் சராசரி 60. இரண்டு ஏக்கர் தேறும். கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்துக் கிடந்ததால் மலாய்க்காரர் பூலாவ் பத்து பூத்தே என்றார்கள், போர்ச்சுகீசியர் பெத்ரா பிராங்கா என்றார்கள். இரண்டுக்கும் பொருள் வெள்ளைப் பாறை. 1851-இல் ஆங்கிலேயர் அதில் கலங்கரை விளக்கம் கட்டி, கம்பெனியின் கடல் வரைபட நிபுணர் ஹார்ஸ்பர்க் பெயரை வைத்தார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டது சிங்கப்பூர்.

சாம்ராஜ்யம் கடையைக் கட்டும் காலத்தில் தீவுகளைப் பிரித்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கோகோஸ் தீவுகளைச் சிங்கப்பூரிலிருந்து பிரித்து 1955-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தார்கள், 1958-இல் கிறிஸ்துமஸ் தீவையும். மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்தது 1965-இல். வெள்ளைப் பாறையின் கதை அவ்வளவு பகிரங்கமானதில்லை. 1953-இல் சிங்கப்பூர் காலனிச் செயலகம், அந்தப் பாறை யாருடையது என்று விசாரித்து ஜொகூரின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதியது. செப்டம்பர் 21-இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் போட்டார்: ஜொகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை. நாலே வரி. யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்து, உறையில் போட்டு, பாலத்தைத் தாண்டி அனுப்பிய கடிதம்.

கால் நூற்றாண்டு அது கோப்பில் கிடந்தது. 1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் பாறை தன்னுடையது என்று காட்டியது, சிங்கப்பூர் ஆட்சேபித்தது. வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. அங்கே மலேசியத் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. 1948 ஒப்பந்தப்படி ஜொகூரின் வெளியுறவு முழுக்கப் பிரிட்டன் கையில் இருந்தது, ஆகவே மாநிலச் செயலாளருக்கு அப்படி ஒரு பதில் எழுத அதிகாரமே இல்லை.

மைகெல் அம்மாள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அன்றைக்கு வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்தும் ஜொகூர் சுதந்திர நாடு, அதனால் அவர் வழக்கு செல்லாது. இன்றைக்கு வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்ததால் ஜொகூர் எழுதிய கடிதம் செல்லாது. ஹேக் நீதிபதிகள் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பாறை ஆதியில் ஜொகூர் சுல்தானுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடுத்தடுத்து இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தில், அந்தக் கடிதமும் சேர்த்து, 1980-க்குள் உரிமை கைமாறிவிட்டது என்றார்கள். 2008 மே 23, பன்னிரண்டுக்கு நான்கு. பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்திலிருந்த நடுப்பாறைகள் மலேசியாவுக்கு. 2017-இல் மறுஆய்வு கேட்டு, அடுத்த ஆண்டே மலேசியா அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜொகூரில் அந்தப் பேச்சை எடுத்தால் இன்னும் குரல் உயர்கிறது.

பெரியவரிடம் பாறை வழக்கைப் பற்றிச் சொன்னேன். நாலு வரிக் கடிதத்தில் போய்விட்டது என்றதும் தலையாட்டினார். தன் மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தம்மா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான், நாலு லயம் தள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த பிள்ளை, பிறப்புப் பத்திரம் எடுக்க ஆளில்லை. சாகிற வரை சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மூன்று முறை மனுப் போட்டார்களாம்.

"மூணாவது மனுவுக்குப் பதில் வந்துச்சு தம்பி. அவ போயி பதினொரு மாசம் கழிச்சு." சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "வூட்ல வெச்சிருக்கேன். இன்னும் பிரிக்கல."